குடும்பக் கடனை எண்ணிப் பார்ப்பதும் அடைக்கத் தொடங்குவதும்

கடன் உள்ள குடும்பத்தில் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஐந்தாம் தேதி இவ்வளவு, பத்தாம் தேதி அவ்வளவு என்று மனப்பாடமாகவே இருக்கும். மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் இழுப்பார்கள். “இருக்கும், ஒரு மூணு, மூணரை” என்பார்கள். மாதாமாதம் வட்டியாக மட்டும் எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதிலே வராது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. கடனை அடைக்க என்ன திட்டம் போட்டாலும் அந்த எண்ணிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில், ஏன் பார்க்காமல் இருக்கிறோம்? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது, பயம்தான். வங்கியிலிருந்து வரும் கவரைப் பிரிக்காமல் டிராயரில் போடுவது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பது, செயலியைத் திறந்தாலும் நிலுவைப் பக்கத்தை எட்டிப் பார்க்காமல் தவணையை மட்டும் கட்டிவிட்டு வெளியேறுவது என்று இதற்குப் பல வடிவங்கள். பணம் போட்டவர்களும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். கெட்ட செய்தி வரும்போல இருந்தால் தங்கள் கணக்கையே பார்க்கமாட்டார்கள். டான் கலாய், ஓர்லி சாதே என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இந்தக் குணத்துக்கு ‘நெருப்புக்கோழி விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். ஆக, இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நாம் பார்க்காத நாட்களிலும் வட்டி ஓடுகிறது, தாமதக் கட்டணமும் சேர்கிறது. பிரிக்காத கவருக்குள் ஒரு கெடு தேதி தவறிப் போயிருந்தால் அதற்கும் தனியாக அபராதம் உண்டு.

எண்ணிப் பார்த்த பிறகு, நினைத்ததைவிடக் குறைவுதான் என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு, இவ்வளவா என்று அதிர்ந்து போகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் அன்றைக்குப் பிறகு வேலை செய்வதற்கு ஒரு எண் கையில் இருக்கும்.

ஒரு தாள் போதும்

இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. ஒரு தாளை எடுத்து ஐந்து பத்தி போடுங்கள்: யாருக்குத் தர வேண்டும், இன்று நிலுவை எவ்வளவு, வட்டி விகிதம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், அதில் வட்டி எவ்வளவு. தவணை தவறியிருந்தால் ஓரமாக ஒரு குறி போடுங்கள்.

நிலுவை என்றால் வாங்கிய தொகை அல்ல, இன்றைக்கு மொத்தமாக முடிக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய தொகை. அதை ஊகிக்காதீர்கள். வங்கிக் கடனுக்குக் கணக்கு அறிக்கை கேட்டு வாங்கலாம். கார்டுக்குக் கடைசி அறிக்கையே போதும்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் பெரிய கடன் அல்ல. உறவுக்காரரிடம் வாங்கிய கைமாற்று, நண்பருக்கு ஜாமீன் போட்ட கடன், பாக்கி நிற்கும் வாடகை, மின் கட்டணம், ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று கடைச் செயலியில் சேர்ந்த சின்னச் சின்னத் தவணைகள் ஆகியவைதான் நழுவும். இவற்றையும் எழுதுங்கள். ஜாமீன் போட்ட கடனுக்கு இப்போது நீங்கள் எதுவும் கட்டவில்லைதான். ஆனால் அவர் கட்டாமல் விட்டால் உங்களைத்தான் கேட்பார்கள், அதனால் அதைத் தனியாக அடியில் எழுதி வையுங்கள்.

ஒரு கற்பனைக் குடும்பத்தின் தாளைப் பார்ப்போம். கிரெடிட் கார்டில் நிலுவை 80,000, வட்டி மாதம் 3%, கட்டுவது 4,000. தனிநபர் கடன் 1,50,000, வட்டி ஆண்டுக்கு 15%, தவணை 5,200, இன்னும் 36 மாதம் பாக்கி. அடகில் வாங்கியது 60,000, ஆண்டுக்கு 12%, மாதம் 600 வட்டி மட்டும் கட்டுகிறார்கள். உறவினரிடம் கைமாற்று 40,000, அதற்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. மொத்தம் 3,30,000.

இப்போது அந்த ஐந்தாவது பத்தியை நிரப்புவோம். நிலுவையை ஆண்டு வட்டியால் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாத வட்டி வந்துவிடும். மாத வட்டியாகவே சொல்லியிருந்தால் அப்படியே பெருக்கிக்கொள்ளலாம். கார்டுக்கு 2,400, தனிநபர் கடனுக்கு 1,875, அடகுக்கு 600, கைமாற்றுக்கு எதுவும் இல்லை. கூட்டினால் 4,875.

இந்தக் குடும்பம் மாதம் 9,800 கட்டுகிறது. “சம்பளத்தில் பாதி கடனுக்கே போகுது” என்று புலம்பவும் செய்கிறது. ஆனால் கட்டும் பணத்தில் கடனைக் குறைப்பது 4,925 மட்டும்தான். மீதி 4,875, கடன் இருந்த இடத்திலேயே இருப்பதற்காகக் கொடுக்கும் காசு. கைமாற்றைவிட இரண்டு மடங்கு பெரியதுதான் கார்டுக் கடன், ஆனால் மாதாமாதம் ஓடும் வட்டியில் பாதி அந்தக் கார்டு ஒன்றிலிருந்தே வருகிறது. 1,50,000 என்ற பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு, பணம் கசியும் இடம் 80,000இல் இருப்பது அப்போதுதான் தெரியும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

வட்டி போடும் வேஷங்கள்

ஐந்தாவது பத்தியை நிரப்பும்போது ஒரு தொல்லை வரும். ஒவ்வொரு கடனுக்கும் வட்டியை ஒவ்வொரு மாதிரி சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட முடியாது.

‘மூணு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 3. ஆண்டுக்கு 36%. கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் அதற்கும் மேலே போகும். எவ்வளவு வேகமாக ஏறும் என்று மனக்கணக்காகவே பார்க்கலாம்: 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் கடன் இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறைய கிடைக்கும். மாதம் 3% என்றால் 24 மாதம். இரண்டு வருடம் தொடாமல் விட்ட 80,000 ஏறத்தாழ 1,60,000 ஆகியிருக்கும்.

அடுத்தது ஃபிளாட் வட்டி. 1,00,000 கடன், 10% ஃபிளாட், மூன்று வருடம் என்றால் வருடத்துக்கு 10,000 வீதம் வட்டி 30,000. மொத்தம் 1,30,000ஐ 36ஆல் வகுத்து மாதம் 3,611 என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் நீங்கள் அசலையும் சேர்த்துத்தானே கட்டிக்கொண்டு வருகிறீர்கள்? கடைசி வருடத்தில் உங்கள் கையில் இருக்கும் அசல் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது சுமார் 18% கடன். 10% ஃபிளாட் ஒன்றையும் 15% குறையும் நிலுவைக் கடன் ஒன்றையும் எதிரெதிரே வைத்தால், மலிவானது பின்னதுதான்.

மூன்றாவது வேஷம்தான் மோசமானது. வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு கொடுப்பது. 10,000 கடன் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள், வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். “வெறும் ஆயிரத்தைந்நூறுதானே வட்டி” என்று தோன்றும். கணக்குப் போட்டால் வாரத்துக்கே 3 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 160%. கார்டைவிட நான்கு மடங்குக்கும் மேல். உங்கள் தாளில் இப்படி ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதலில் போக வேண்டும்.

குறைந்தபட்சத் தொகை என்ற பொறி

கார்டு அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: மொத்த நிலுவை, கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. இரண்டாவது எண்தான் நிறையப் பேருக்கு ‘தவணை’. அதைக் கட்டிவிட்டால் கடமை முடிந்த நிம்மதி. இந்த எண் அச்சில் இருப்பதே நாம் கட்டும் தொகையைக் கீழே இழுக்கும் என்று நீல் ஸ்டூவர்ட் என்ற உளவியலாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஒரே கார்டு பில்லை இரண்டு விதமாகத் தந்தபோது, குறைந்தபட்சத் தொகை அச்சிட்ட பில்லைப் பார்த்தவர்கள் அது இல்லாத பில்லைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கட்டுவதாகச் சொன்னார்கள்.

நம் கற்பனைக் குடும்பத்தின் கார்டையே எடுத்துக்கொள்வோம். நிலுவை 80,000, குறைந்தபட்சம் நிலுவையில் 5%, அதாவது இந்த மாதம் 4,000. அதில் 2,400 வட்டிக்குப் போக, 1,600தான் குறையும். அடுத்த மாதம் நிலுவை குறைந்திருப்பதால் கேட்கும் தொகையும் குறையும், அவர்களும் குறைத்தே கட்டுவார்கள். இப்படியே ஐந்து வருடம் ஓடினால் மொத்தம் சுமார் 1,40,500 கட்டியிருப்பார்கள். அப்போதும் 23,800 பாக்கி நிற்கும். இவ்வளவும் அந்தக் கார்டில் புதிதாக ஒரு காசுகூடத் தேய்க்காமல் இருந்தால்.

அதே குடும்பம், பில்லில் என்ன கேட்டாலும் சரி, மாதம் 4,000 கட்டியே தீருவது என்று மட்டும் முடிவு செய்தால்? 31 மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்தம் 1,24,000. வருமானம் ஒரு பைசா கூடவில்லை, முதல் மாதம் கட்டியதைவிட அதிகமாக எந்த மாதமும் கட்டவில்லை. தொகையைக் குறையவிடாமல் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான். மாதம் 3,000 கூடுதலாகத் திரட்டி 7,000 கட்டினால் 15 மாதம், மொத்தம் சுமார் 99,400. வட்டி 44,000இலிருந்து 19,400க்கு இறங்கிவிடும்.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எத்தனை காலம் ஆகும் என்பதையும், மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கார்டு அறிக்கையிலேயே அச்சிட வைத்தது. உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் எப்படிச் சொல்வது

தாள் தயாரான பிறகும் வேலை இங்கே நின்றுபோவதுண்டு. கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும் அதைக் கட்டுவது குடும்ப வருமானம்தான். மனைவிக்குத் தெரியாமல் கணவனோ, கணவனுக்குத் தெரியாமல் மனைவியோ ஒரு கடனை ரகசியமாக வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், அந்த ரகசியத் தவணைக்கும் எங்கிருந்தாவது பணம் எடுத்தாக வேண்டும். மூன்றாவது மாதமே கணக்கு உதைக்கும்.

“ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அது நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாள் பேச்சிலேயே அதற்கு விடை தேடினால் தாள் ஓரத்தில் கிடக்கும், சண்டை நடுவில் நிற்கும். முதல் நாள் தொகைகளை மட்டும் பேசுங்கள்: என்ன இருக்கிறது, எவ்வளவு ஓடுகிறது, எது அவசரம். யாரால் வந்தது என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், முழுத் தொகையைச் சொல்லாவிட்டாலும் கொஞ்ச காலம் செலவைக் குறைக்கப் போகிறோம் என்றாவது சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

புதுக் கடனை நிறுத்துவது

கூடுதலாகக் கட்டத் தொடங்குவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, கார்டைப் பணப்பையிலிருந்து எடுத்துவிடுவது, கடைச் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழிப்பது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முழு நிலுவையையும் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம், பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான கார்டுகளில் கிடைக்காது. இன்று தேய்த்தால் இன்றிலிருந்தே வட்டி. கார்டில் ரொக்கம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

இரண்டாவது, கையில் கொஞ்சம் பணம் ஒதுக்குவது. இதில் கருத்து வேறுபாடு உண்டு. 36% வட்டி ஓடும்போது சேமிப்பில் பணத்தைப் போட்டு வைப்பது முட்டாள்தனம் என்பார்கள் கணக்கில் புலிகள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் வண்டி பழுதானாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ கையில் எதுவும் இல்லையென்றால் மறுபடி அதே கார்டைத்தான் எடுக்க வேண்டும். அதோடு திட்டமும் போச்சு, மனசும் உடையும். அதனால் இரண்டு மூன்று வாரத்து அத்தியாவசியச் செலவுக்கு ஆகும் அளவையாவது முதலில் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம் கடனைத் துரத்துவதே நல்லது என்பேன். ஆறு மாதச் செலவை ஒதுக்கு என்று சொல்லும் வழக்கமான அறிவுரை கடன் முடிந்தவர்களுக்கானது.

அந்த மூவாயிரம் எங்கிருந்து வரும்?

கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்துவைத்துப் பாருங்கள். நினைவிலிருந்து எழுதும் பட்ஜெட், நாம் ஆசைப்படும் செலவைத்தான் காட்டும். அறிக்கை செய்த செலவைக் காட்டும். பார்க்காத சந்தாக்கள், சிறு தொகைகளாக வெளிச்சாப்பாட்டுக்குப் போனது, வங்கிக் கட்டணங்கள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும்.

எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். டீ, காபிக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு வாரத்தில் களைத்துவிடுவார்கள். பெரிதாக இரண்டு மூன்று இடங்களில் கை வைப்பது பலன் தரும்: வாடகை, வண்டி, போன் திட்டம், பயன்படாமல் கிடக்கும் ஒரு பொருளை விற்பது. கூடுதல் வேலை பார்க்க முடிந்தால் பார்க்கலாம், ஆனால் வராத வருமானத்தைத் தாளில் எழுதாதீர்கள்.

திட்டங்களை உடைப்பது பெரும்பாலும் மாதச் செலவு அல்ல, வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு. பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், பண்டிகை, நெருங்கிய உறவில் கல்யாணம். இவை திடீர்ச் செலவு அல்ல, வருமென்று போன வருடமே தெரியும். ஆண்டுக்கு இவற்றுக்கெல்லாம் 24,000 ஆகிறதென்றால் 12ஆல் வகுத்து மாதம் 2,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கடனுக்குக் கூடுதலாகப் போகக்கூடிய நிஜப் பணம். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, ‘மாதம் 5,000 கூடுதலாகக் கட்டலாம்’ என்று உற்சாகமாகத் தொடங்குபவர்கள் பள்ளி திறக்கும் மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள். நிஜமாகவே 1,000தான் மிஞ்சுகிறதென்றால் 1,000இலிருந்து தொடங்கலாம்.

எதை முதலில் அடைப்பது

கட்டாவிட்டால் கூரையோ மின்சாரமோ பிழைப்போ போய்விடும் என்ற கடன்களும் பாக்கிகளும் வரிசையில் முதலில். வாடகைப் பாக்கி, வீட்டின் மேல் வாங்கிய கடன், தொழிலுக்கான வண்டிக் கடன் போன்றவை. இவற்றுக்கு வட்டி குறைவாக இருக்கலாம், ஆனாலும் தவறவிடக் கூடாது. அதட்டிக் கேட்கிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அமைதியாக நோட்டீஸ் அனுப்பும் வீட்டுக் கடன் வங்கியைத் தள்ளிப் போடுவதுதான் சாதாரணமாக நடப்பது. சத்தம் போடுபவரிடம் இருக்கும் அதிகாரத்தைவிட நோட்டீஸ் அனுப்புபவரிடம் இருப்பது அதிகம்.

மற்ற எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகையைக் கட்டிவிட்டு, கூடுதல் பணம் முழுவதையும் ஒரே ஒரு கடன் மீது கொட்ட வேண்டும். நான்கு கடனுக்கும் 750 வீதம் பிரித்துக் கொடுத்தால் எதுவும் சீக்கிரம் முடியாது. அந்த ஒரு கடன் எது என்பதில் இரண்டு வழி சொல்வார்கள். வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்தத்தில் குறைந்த பணம் செலவாகும், அது வெறும் கணக்கு. நிலுவை சிறியதை முதலில் அடைத்தால் ஒரு கணக்கு சீக்கிரம் மூடப்படும், அந்தத் தெம்பு அடுத்ததற்கு இழுத்துச் செல்லும். டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதரவாக இருக்கிறது. கடனைத் தீர்க்க உதவும் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களைப் பார்த்தபோது, தங்கள் கணக்குகளில் கூடுதல் பங்கை மூடியவர்களே கடன் முழுவதையும் முடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

வட்டி விகிதங்கள் நெருங்கி இருந்தால் சிறியதை முதலில் முடித்துவிடுங்கள், ஒன்றும் பெரிதாக இழக்கமாட்டீர்கள். நம் குடும்பத்தின் தாளில் இருப்பதுபோல 36, 15, 12 என்று இடைவெளி பெரிதாக இருந்தால் வட்டி அதிகமானதே முதலில்.

கைமாற்றுக்கு இந்த இரண்டு கணக்கும் பொருந்தாது. வட்டி இல்லை என்பதால் கடைசியில்தான் வரும். ஆனால் கொடுத்தவருக்கு எப்போது திரும்பி வரும் என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். அவரிடம் போய், “இந்தக் கார்டை முடிக்க 15 மாதம் ஆகும், அதுவரைக்கும் மாசம் 500 தர்றேன், மத்தக் கடனெல்லாம் முடிஞ்சதும் மீதியை மொத்தமா கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் உறவும் கெடாது, உங்களுக்கும் விசேஷ வீட்டில் அவரைப் பார்த்து ஒளிய வேண்டியிருக்காது. அவருக்கே அவசரம் என்றால் வரிசையை மாற்றத்தான் வேண்டும்.

கார்டு முடிந்த மாதம் கவனம் தேவை. 7,000 கையில் மிஞ்சும். அதை அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும். தனிநபர் கடனில் அப்போது சுமார் 95,500 பாக்கி இருக்கும். 5,200உடன் 7,000ஐச் சேர்த்து 12,200 கட்டினால் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். பிறகு அடகு, பிறகு கைமாற்று. கார்டு முடிந்த பிறகும் மாதம் 12,800 என்ற மொத்தத் தொகையைக் குறைக்காமல் போனால் நான்கு கடனும் மூன்று வருடத்துக்குள் தீரும். தவணைக் கடனில் முன்கூட்டிக் கட்டும்போது அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தவணையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா என்று கேட்டால் மாதங்களை என்று சொல்லுங்கள்.

கொடுத்தவரிடம் பேசுவது

தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே பேசுவது எப்போதும் நல்லது. சம்பள தேதிக்கு ஏற்பக் கெடு தேதியை மாற்றக் கேட்கலாம், வட்டியைக் குறைக்கக் கேட்கலாம், சில மாதம் சலுகை கேட்கலாம். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தால் மூச்சு விடலாம்தான், ஆனால் மொத்த வட்டி கூடும். எதை ஒப்புக்கொண்டாலும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பு கிடையாது.

எல்லாக் கடனையும் ஒரே கடனாக மாற்றலாமா? வட்டி நிஜமாகவே குறைந்தால் மாற்றலாம். கார்டின் 80,000ஐ 15% கடனாக மாற்றினால் மாத வட்டி 2,400இலிருந்து 1,000க்கு இறங்கும், அதே 4,000 கட்டினால் 31க்குப் பதில் 24 மாதத்தில் முடியும். செயல்முறைக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் சறுக்குகிறவர்கள் அதிகம்: கார்டு சுத்தமாகி, அதன் வரம்பு முழுதாகத் திறந்து கிடக்கும். அதை மறுபடி தேய்த்தால் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கடன். வீட்டை அடமானம் வைத்துக் கார்டுக் கடனை அடைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கார்டுக்குக் கட்டாவிட்டால் வீடு உடனே போகாது, அடமானத்துக்குக் கட்டாவிட்டால் போகும்.

முன்பணம் கட்டினால் உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் தள்ளி நில்லுங்கள். பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடிப்பது சாத்தியம்தான், அதை நீங்களே நேரடியாகப் பேசலாம். ஆனால் முழுதாகக் கட்டியதற்கும் குறைத்துத் தீர்த்ததற்கும் கடன் வரலாற்றில் வெவ்வேறு பதிவு விழும், பின்னால் கடன் கேட்கும்போது அது தெரியும்.

கணக்கு ஒத்துவராதபோது

சில தாள்களில் எத்தனை தடவை கூட்டினாலும் விடை வராது. அத்தியாவசியச் செலவையும் கட்டாயத் தவணைகளையும் கூட்டினால் வருமானத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் சிக்கனம் என்று உங்களையே வதைத்துக்கொள்வதில் பயனில்லை. அந்த நிலைக்குத் திட்டம் வேறு: கட்டணம் வாங்காத கடன் ஆலோசனை மையம், ஒரு வழக்கறிஞர், கடனைக் கட்டவே முடியாமல் போனவர்களுக்காகப் பல நாடுகளிலும் இருக்கும் தனிநபர் நொடிப்புச் சட்டம். புதுக் கடன் வாங்கிப் பழைய தவணையைக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். வசூலுக்கு வருபவர்கள் மிரட்டினால் தேதியோடு குறித்து வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், புகார் கொடுக்க அவை வேண்டும். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கடன் தாளை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பணப் பிரச்சினைக்கு வழி தேடுவது அதற்கு அடுத்த வேலை.

ஓடத் தொடங்கிய பிறகு

சம்பளம் வந்த மறுநாளே தவணைகள் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால் மாதாமாதம் மனசைத் திரட்ட வேண்டியதில்லை. கூடுதல் தொகையையும் அப்படியே வைக்கலாம். மாதத்துக்கு ஒரு முறை, இருவரும் உட்கார்ந்து தாளில் இரண்டு எண்களை மட்டும் புதுப்பியுங்கள்: மொத்த நிலுவை, மாத வட்டி. நம் குடும்பத்தின் 4,875, கார்டு முடியும் மாதத்தில் இரண்டாயிரத்துக்குக் கீழே வந்திருக்கும்.

ஒரு மாதம் தவறும். ஏதாவது வந்தே தீரும். அந்த மாதம் கூடுதல் தொகையை விட்டுவிட்டு, கட்டாயத் தொகையை மட்டும் கட்டிவிட்டு அடுத்த மாதம் பழையபடி தொடருங்கள். தவறியதை ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த மாதம் இரட்டிப்பாகக் கட்டப் போனால் அதற்கு அடுத்த மாதமும் தவறும்.

ஒரு கடன் முடிந்ததும், முழுத் தொகையும் கட்டியாயிற்று என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அடகுப் பொருளையும், ஈடாகக் கொடுத்த பத்திரங்களையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் எண்ணிச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். கார்டு என்றால் கடைசித் தொகையைக் கட்டிய பிறகு அடுத்த அறிக்கை வரும்வரை காத்திருங்கள். இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி என்று ஒரு சின்னத் தொகை அதில் வந்து நிற்கும். கவனிக்காமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் கட்டி நிலுவை பூஜ்யம் என்று அச்சான அறிக்கையைப் பார்த்த பிறகு, தாளில் அந்த வரியை அடிக்கலாம்.